பீரோ குதிக்க வேண்டும்

மறுபடியும் கால் தரையை விட்டு வரவில்லை.

பீரோ முழங்காலை மடக்கினான். கைகளைப் பின்னால் வீசினான். மூச்சை உள்ளே இழுத்து "ஹூம்" என்றான். எல்லாம் நடந்தது, குதிப்பது மட்டும் நடக்கவில்லை. எதிரே சுவரோரமாக ஒரு மரப்பெட்டி. முழங்கால் உயரம்கூட இருக்காது. அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னால் தோளில் இரண்டு மூட்டையோடு ஏறி நிற்பான். குதித்து ஏறு என்றால் உடம்பு கேட்க மாட்டேன் என்கிறது.

"ஏங்க, உள்ள என்ன பண்றீங்க?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி முக்குறீங்க?"

"முதுகு புடிச்சிருக்கு. நிமித்துறேன்."

கிடங்கில் சுமை ஏற்றி இறக்கும் அவனை எல்லோரும் பீரோ என்றுதான் கூப்பிட்டார்கள். அகலம் அப்படி. கதவைச் சாத்தியது போன்ற முகமும் அப்படி. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்து நடந்துகொண்டே இருப்பான்.

சுமைதூக்குகிற வேலையில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே உடம்பு கற்றுக்கொள்கிற சட்டம் ஒன்று உண்டு. எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். பள்ளம் வந்தால் தாண்டக் கூடாது, சுற்றிப் போக வேண்டும். லாரியிலிருந்து இறங்குவது பலகை வழியாகத்தான். அவசரத்தில் எட்டிக் குதித்த ஒருத்தன் இப்போது கிடங்கு வாசலில் உட்கார்ந்து கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறான். இன்னொருத்தன் வீட்டில் படுத்திருக்கிறான். பீரோ அந்தச் சட்டத்தை இருபது வருஷத்துக்கு மேல் மீறியதில்லை. அவனுடைய கால்களுக்கு இரண்டும் சேர்ந்து தரையை விட்டு எழும்பலாம் என்கிற விஷயமே மறந்து போயிருந்தது.

போன வாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். அவருக்குக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் எப்போதும் ஒரு போன் இருக்கும். அதில் ஒருத்தரிடம் பேசிக்கொண்டே எதிரில் நிற்கிறவரிடம் பாதி பேசுவார்.

"பீரோ, அடுத்த மாசம் மொத வாரம் ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வராங்க. நீ குதிச்சுக் காட்டணுமாம். தயாரா இரு."

"குதிக்கணுமா? எதுக்கு சார்?"

"எனக்கென்னப்பா தெரியும். ஏதோ சோதனையாம். அன்னிக்கு வந்தாங்கல்ல, நீ மூட்டையோட நடந்து போனப்ப உன்னக் கை காட்டித்தான் சொல்லிட்டுப் போனாங்க, அந்த ஆளத் தயார் பண்ணி வைங்கன்னு. ஹலோ, ஆமா சார், லாரி கெளம்பிருச்சு."

"நான் மட்டுமா சார்?"

"மொதல்ல நீ" என்று சொல்லிவிட்டு அவர் லாரியோடு போய்விட்டார்.

'மொதல்ல நீ' என்பதை மனதில் உருட்டிக்கொண்டே பீரோ அன்று மூட்டை தூக்கினான். போன வருஷமும் இப்படித்தான் ஆபீஸிலிருந்து வந்தார்கள். எல்லோர் கையிலும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நம் மேல் இவ்வளவு அக்கறையா என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்கள். அடுத்த வாரம் இரண்டு பேரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வருஷம் குதிக்கச் சொல்கிறார்கள். யாரால் முடியவில்லையோ அவனுக்குக் கதவு.

பீரோவுக்கு நாற்பத்தெட்டு வயது. மகள் நர்ஸ் படிப்பில் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறாள். வேறு தொழில் தெரியாது. கையிலிருக்கும் முதல் உடம்பு ஒன்றுதான். அதுவும் கொஞ்சம் பருத்த முதல்.

அவன் மறுபடி முழங்காலை மடக்கினான். இந்த முறை மகளை நினைத்துக்கொண்டான். கால் எழும்பிவிட்டது. எழும்பியது பெட்டிக்கு நேராக இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில், வெறும் தரையில், இரண்டு குதிகாலும் ஒன்றாகப் போய் விழுந்தான். சமையலறையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசல் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு டிரைவர். இரவு பஸ் ஓட்டுகிறவர், பகலில் தூங்குகிறவர். தலையிலும் மீசையிலும் சுண்ணாம்புக் காரை.

"மேல என்ன நடக்குது?"

மனைவிக்குப் பொய் வராது. "பீரோ விழுந்துடுச்சுங்க" என்றாள்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "எந்த பீரோ? இந்த வீட்டுல துணியெல்லாம் கயித்துலதான தொங்குது?"

"இனிமே விழாதுங்க" என்றான் பீரோ.

"இங்க பாருங்க. ராத்திரி பூரா ஒரு பஸ் ஜனத்த உசுரோட கொண்டு வந்து சேக்குறேன். பகல்ல கொஞ்ச நேரம் கண்ண மூடுறேன். அதுலயும் கூரை வாயில விழுந்தா நான் எங்க போய்த் தூங்குறது? ஸ்டியரிங் மேலயா? இன்னொரு தடவ சத்தம் கேட்டுச்சு, நேரா வீட்டு ஓனர்கிட்டத்தான் போவேன்."

வீட்டு ஓனர் இவர்களைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருப்பவர். இதுவரை வேலை மட்டும்தான் ஊசலாடியது. இப்போது வீடும் சேர்ந்து ஆடியது.

மனைவியிடம் சொல்லலாமா என்று பீரோ யோசித்தான். அவள் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் நின்றபடியே வேலை பார்த்துவிட்டு வந்து, வீட்டிலும் நின்றபடியே சமைக்கிறவள். இதையும் ஏன் அவள் தலையில் ஏற்ற வேண்டும் என்று விட்டுவிட்டான். அவளுடைய தம்பியிடம் போனான்.

மச்சான் ஒரு ஜிம்மில் வேலை பார்த்தான். வேலை என்றால், மற்றவர்கள் வியர்த்துவிட்டுப் போன இயந்திரங்களைத் துணியால் துடைப்பது. துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கற்றுவிட்டதாக அவனுக்கு ஒரு நம்பிக்கை.

"மாமா, இதுக்குப் பேரு பாக்ஸ் ஜம்ப். இதுக்கு கால்ல வெடிக்கிற பலம் வேணும்."

"வெடிக்கிறதா?"

"பயப்படாதீங்க. நீங்க பலசாலிதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா உங்க பலம் லாரி பலம். மெதுவா கெளம்பும், கெளம்பிட்டா நிக்காது. இதுக்கு வேண்டியது தீக்குச்சி பலம். ஒரசுன ஒடனே பத்திக்கணும்."

"நீ குதிப்பியாடா?"

"நான் தொடைக்கிற ஆளு மாமா. கேளுங்க. மொத விஷயம், வெயிட்டக் கொறைங்க. இவ்ளோ பெரிய உருப்படிய எந்தக் கால் தூக்கும்? ரெண்டாவதுதான் முக்கியம். எவ்ளோ ஒசரம் போனீங்கன்னு எவனும் பாக்க மாட்டான். எப்படி எறங்குறீங்கன்னு பாப்பான். தொப்புன்னு விழுந்தா முட்டி போச்சுன்னு அர்த்தம். எங்க மாஸ்டர் சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்குவாரு. பின்னால நம்ம ஆளு குதிச்சது அவர் காதுல விழுந்துச்சுன்னா, அவன் தப்பாக் குதிச்சான்னு அர்த்தம்."

"சத்தமே வரக்கூடாதா?"

"வரக்கூடாது. பூனை எறங்குதுல்ல, அப்படி. முன்பாதம், அப்புறம் முட்டிய மடக்கு, அப்புறம் இடுப்ப மடக்கு. வந்த எடையெல்லாம் உடம்புக்குள்ளயே கரைஞ்சு போயிரணும். தரைக்குத் தெரியவே கூடாது, மேல ஒரு ஆள் வந்து எறங்கியிருக்கான்னு."

பீரோவுக்கு இது பிடித்திருந்தது. ஆபீஸுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே மருந்து.

அன்றிலிருந்து தட்டில் பாதியைத் தள்ளி வைத்தான். இரண்டாம் முறை போட வந்த மனைவியின் கையைத் தடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படித் தடுத்ததே இல்லை.

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப?"

"போதும்."

"உங்களுக்கா போதும்?" அவள் தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு வீட்டுல சாப்ட்டுட்டு வரீங்க?"

எழுந்து போய்க் கை கழுவினான். அதை அவள் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் ஒரு நேரத்தில் ஒரு பயம்தான் படமுடியும்.

இரண்டு வாரத்தில் பேன்ட் இடுப்பிலிருந்து நழுவியது. கயிறு கட்டிக்கொண்டான். ஆனால் வெறும் வயிற்றோடு சுமை தூக்குவது வேறு கதை. முற்பகலுக்குள் கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்னப் பூச்சி பறந்தது. ஒரு நாள் கண்ணாடிக் குவளைகள் அடுக்கிய பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பியவன், பூச்சிகளைப் பார்த்தான், பெட்டியை விட்டுவிட்டான்.

கிடங்கில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கையிலிருந்து சரக்கு விழுந்து யாரும் பார்த்ததில்லை.

"பீரோ அண்ணே, என்னாச்சு?" என்று ஓடி வந்தான் சோடா. மூக்குக்கண்ணாடி சோடா பாட்டில் அடி போலத் தடிமன் என்பதால் சோடா. "ஒக்காருங்க. மொகம் வெளுத்துப் போச்சு."

"ஒக்கார மாட்டேன்."

சூப்பர்வைசர் போனோடு வந்து சேர்ந்தார். "கொஞ்சம் இருங்க சார், இங்க ஒண்ணு ஒடைஞ்சிருச்சு. என்னப்பா இது? மேல கட்டுன தளத்த இன்னும் தொறந்து விடல, கீழ கால் வைக்க எடமில்ல, நீ வேற ஒடச்சுப் பரப்பி வைக்கிற." அப்புறம்தான் அவனைச் சரியாகப் பார்த்தார். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். அவர் அப்படி எடுப்பதே பயப்பட வேண்டிய விஷயம். "என்ன இப்படி எளைச்சுட்ட? ஆபீஸ்காரங்க வந்து பாத்தா என்னையில்ல கேப்பாங்க?"

"எளைக்கல சார். நல்லாத்தான் இருக்கேன்."

"எங்க நல்லா இருக்க? கன்னம் ரெண்டும் உள்ள போயிருச்சு. அன்னிக்கு நீ முழுசா வேணும்பா."

முழுசா என்றால் என்ன? நோயாளி என்று முடிவு கட்டிவிட்டார்களா?  தான் ஆரோக்கியமாக இருப்பதை அந்த இடத்திலேயே காட்டிவிட வேண்டும் என்று பீரோவுக்குத் தோன்றியது. பக்கத்தில் லாரி பின்புறம் திறந்து நின்றது. ஏறுவதற்குப் பலகை சாய்த்திருந்தது. அவன் பலகையைப் பார்க்கவில்லை. முழங்காலை மடக்கினான், கையை வீசினான், லாரியின் தட்டை நோக்கித் தாவினான்.

தட்டு வரைக்கும் போனான். தட்டுக்கு மேலே போகவில்லை. இரும்பு விளிம்பு இரண்டு முழந்தாளின் தோலையும் சீவி எடுத்தது. கையால் எதையோ பிடித்துத் தொங்கிக்கொண்டு, "பாத்தீங்களா சார்?" என்றான்.

"பாத்தேன்" என்றார் சூப்பர்வைசர். "மொதல்ல எறங்கு. ரத்தம் சரக்கு மேல படுது."

மருந்து போடும்போது சோடா குனிந்து மெதுவாகச் சொன்னான். "அண்ணே, நம்ம ஆளுங்கெல்லாம் பேசிக்கிறாங்க, உங்களுக்குப் பெரிய வியாதின்னு. நான் அப்படியெல்லாம் இருக்காது, வீட்டுல சண்டையா இருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன்."

"ரொம்ப நன்றி" என்றான் பீரோ.

காலில் கட்டோடு வீட்டில் குதிக்க முடியாது. மனைவி பார்ப்பாள், டிரைவர் கேட்பார். இனி ஒரே இடம் மொட்டை மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் எழுந்திருக்குமுன், மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனான். கைப்பிடிச் சுவர் அவன் உயரத்துக்கு இருந்தது. வெளியே யாருக்கும் தெரியாது. பெட்டியைச் சுவரோரமாகவே போட்டுக்கொண்டான். தடுமாறினால் பிடித்துக்கொள்ளலாம்.

முன்பாதம், முட்டி, இடுப்பு. முதல் முறை பெட்டியின் விளிம்பில் நின்றது. அடுத்த முறை நடுவில். அதற்கடுத்த முறை சத்தமே பாதியாகக் குறைந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் இரண்டு காலும் ஒன்றாகக் காற்றில் இருப்பது எப்படி இருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. பெட்டி மேலிருந்து இறங்கி மறுபடி குதித்தான். மறுபடி.

எதிர்க் கட்டடத்தில் துணி காயப்போட வந்த ஒரு பெண்மணிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மாடி விளிம்பில் ஒரு ஆள் நெஞ்சுவரை எழும்புகிறான், கீழே பார்க்கிறான், இறங்கிவிடுகிறான். மறுபடி துணிந்து எழும்புகிறான், கீழே பார்க்கிறான், மனசு வராமல் இறங்கிவிடுகிறான்.

அவள் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

பீரோ திடுக்கிட்டு நின்ற இடம் பெட்டியின் மேல். கீழே ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் போர்வையை விரித்துப் பிடிக்கச் சொல்லி மற்றவர்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அங்க என்ன பண்றீங்க?" என்று கீழிருந்து ஒரு குரல்.

"ஒண்ணுமில்லீங்க. குதிக்கிறேன்" என்றான் பீரோ உள்ளபடியே.

கூட்டம் ஓவென்றது. தூக்கத்தைக் கெடுத்ததற்குத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்து அவன் கைகளை உயர்த்திச் சமாதானம் சொன்னான். "பயப்படாதீங்க. சத்தமே வராது."

அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்துகொண்டிருந்த டிரைவர் பையை நடுத்தெருவில் போட்டுவிட்டு ஓடி வந்தார். அண்ணாந்து பார்த்தார். முகம் கோணியது.

"வேணாம் சார். நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க. இனிமே சத்தத்தப் பத்திப் பேசவே மாட்டேன். நீங்க தினமும் பீரோவ உருட்டுங்க, கட்டிலக் கவுத்துப் போடுங்க, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். எறங்குங்க சார்."

இறங்கினான். படிக்கட்டில் பாதி வழியில் மனைவி எதிரே வந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. அவன் தோளைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினாள். அவ்வளவு பெரிய உடம்பு அந்தக் கைக்கு அடங்கி நின்றது.

"சொல்லுங்க."

சொன்னான். ஆபீஸ்காரர்கள், கை காட்டிய கதை, முதலில் நீ, பாக்ஸ் ஜம்ப், தீக்குச்சி, எல்லாம். டிரைவர் இரண்டு படி கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

 அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வேல போனாப் போகட்டும், நீங்க நல்லா இருந்தாப் போதும்னு சொல்லணும்னு ஆசையாத்தான் இருக்கு. வாய் வரமாட்டேங்குது. அது போகக் கூடாதுங்க. அவ படிப்ப முடிக்கிற வரைக்குமாவது போகக் கூடாது."

"தெரியும்."

"அப்ப குதிங்க" என்றாள். "ஆனா எனக்கு முன்னால குதிங்க. ஒளிஞ்சு ஒளிஞ்சு குதிச்சு என்னக் கொல்லாதீங்க."

மாடிக் கதவுக்கு அன்று மாலையே ஓனர் பூட்டு போட்டுவிட்டார். அதனால் என்ன, வீடு இருந்தது. டிரைவருக்கு ஓர் உயிரைக் காப்பாற்றிய பொறுப்பு வந்துவிட்டது. அவரே ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். அவர் கீழே கட்டிலில் படுத்துக்கொள்வார், கையில் ஒட்டடைக் குச்சி. மேலே பீரோ குதிப்பான். சத்தம் கேட்டால் டிரைவர் கூரையில் ஒரு தட்டு தட்டுவார். தட்டினால் தப்பு.

முதல் நாள் தட்டு ஓயவில்லை. கல்யாண வீட்டு மேளம் மாதிரி இருந்தது என்றாள் மனைவி. மச்சான் வந்து பார்த்துவிட்டு, இன்னும் எடை குறைய வேண்டும், இன்னும் மெதுவாக இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மனைவி போட்டதை எல்லாம் தான் சாப்பிட்டுவிட்டுப் போனான். பீரோ சாப்பிடவில்லை. பகலில் சுமந்தான், மாலையில் குதித்தான். படுத்தால் காலின் நரம்பு தானாகத் துடித்தது. கண்ணை மூடினால் சூப்பர்வைசர் போனைக் காதிலிருந்து எடுத்தார். குறிப்பிட்ட நாள் நெருங்க நெருங்க கிடங்கு வாசலில் கேட்டைத் திறக்கிறவனைப் பார்க்காமலே நடந்தான். முடியாமல் போனால் கேட்டில் உட்காரும் வேலைகூட இல்லை, அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறான்.

தட்டு குறைந்தது. பிறகு எப்போதாவது ஒன்று.

சோதனைக்கு முந்திய நாள் மாலை டிரைவர் கோபமாக மேலே ஏறி வந்தார். "என்ன சார் நீங்க. நாளைக்குச் சோதனைய வச்சுக்கிட்டு இன்னிக்குக் குதிக்காம ஒக்காந்திருக்கீங்க. நான் குச்சியோட அப்பவே புடிச்சுக் காத்துக்கிட்டு இருக்கேன்."

பீரோவின் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மனைவி பெட்டி மேலிருந்த காலடித் தடத்தைக் காட்டினாள்.

"இவ்வளவு நேரமும் குதிச்சுக்கிட்டுத்தான் இருக்காருங்க" என்றாள்.

டிரைவர் பெட்டியைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், தரையை ஒரு முறை காலால் தட்டிப் பார்த்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் பீரோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். சட்டைக்குள் இன்னொரு ஆளும் இருக்கலாம் போல இடம் கிடந்தது. ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். தொப்பி போட்ட இன்ஜினியர் ஒருவர், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண். சூப்பர்வைசர் பீரோவை முன்னால் தள்ளினார்.

"இவர்தான் சார் நீங்க சொன்ன ஆளு."

இன்ஜினியர் சந்தேகமாகப் பார்த்தார். "இவரா? அன்னிக்குப் பாத்தது வேற மாதிரி இருந்துச்சே."

"அதே ஆளுதான் சார்" என்று பீரோவே அவசரமாகச் சொன்னான். "கொஞ்சம் எளைச்சிருக்கேன். உடம்பு ஏ ஒன்னா இருக்கு."

"சரி, மேல வாங்க."

புதிதாகக் கட்டிய இரும்புத் தளத்துக்குப் படியேறினார்கள். மேலே சரக்கு எதுவும் இல்லை. நடுவில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தது. அந்தப் பெண் முழங்காலிட்டு ஏதோ ஒரு கருவியைத் தரையில் வைத்து, ஒயரை மடியிலிருந்த திரையோடு சேர்த்தாள். பீரோ ஓரடி தள்ளி நின்றான். உடம்புக்குள்ளே இருக்கிற எல்லாவற்றையும் இந்தக் கருவி காட்டிவிடும் போலிருக்கிறது.

"பெட்டி எங்க சார்?" என்று கேட்டான்.

"எந்தப் பெட்டி?"

"ஏறிக் குதிக்கிறதுக்கு."

"பெட்டியெல்லாம் வேணாம். அந்த வட்டத்துக்குள்ள நின்னு குதிங்க. முடிஞ்ச அளவுக்கு நல்லாக் குதிங்க."

கீழே சூப்பர்வைசரோடு சோடாவும் மற்றவர்களும் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து நின்றார்கள். பீரோ வட்டத்தில் நின்றான். மகள் முகம், மனைவி அழுத்திப் பிடித்த தோள், கேட்டில் உட்கார்ந்திருப்பவன், எல்லாம் ஒரு தடவை வந்து போயின. முழங்காலை மடக்கினான். கையை வீசினான்.

அப்படி ஒரு குதியை அந்தக் கிடங்கு பார்த்ததில்லை. உயரப் போனான். ஒரு கணம் அங்கேயே இருந்தான். பிறகு இறங்கினான். முன்பாதம், முட்டி, இடுப்பு. ஒரு துண்டு பஞ்சு விழுந்ததுபோல இருந்தது. இரும்புத் தகடு முனகக்கூட இல்லை.

கீழே கைதட்டினார்கள். சோடா விசிலடித்தான்.

பெண் திரையை உற்றுப் பார்த்தாள். விரலால் தட்டினாள். ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள்.

"இன்னொரு தடவ குதிங்க" என்றார் இன்ஜினியர்.

பீரோ இன்னும் அழகாக இறங்கினான்.

"இன்னும் ஒரு தடவ."

இன்னும் மெதுவாக. இந்த முறை தனக்கே தான் இறங்கியது தெரியவில்லை. இன்ஜினியரும் அந்தப் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் சந்தோஷம் இல்லை. போன வருஷம் கையில் பட்டை சுற்றியவர்கள் பார்த்த அதே பார்வை. 

"மேடம்" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டான். "நான் சரியாத்தானே குதிச்சேன்? எனக்கு வேல இருக்கில்ல?"

அவள் புரியாமல் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவனைத் தாண்டி, கீழே நின்ற சூப்பர்வைசரிடம் குரல் கொடுத்தாள்.

"சார், இந்தத் தளம் எவ்வளவு அதிர்வு தாங்கும்னு பாக்கணும், இங்க இருக்கிறதுலயே கனமான ஆளா ஒருத்தர வச்சிருங்க, தொப்புன்னு விழணும்னுதானே சொல்லிட்டுப் போனோம்? இவரு வந்து எறங்கினதே மெஷினுக்குத் தெரியல. வேற யாராவது குண்டா இருந்தா அனுப்புங்க."